ரத்தக் குழாய் சாக்கடைக் குழாய் அல்ல



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஒரு மாதத்தில் ஒரே செய்தி மூன்று குழுக்களில் எனக்கு வந்துவிட்டது. பூண்டுச் சாறு, இஞ்சிச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் நான்கையும் சம அளவு எடுத்துக் காய்ச்சி, தேன் கலந்து வைத்துக்கொண்டு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் சாப்பிட வேண்டுமாம். இதயத்தில் எத்தனை அடைப்பு இருந்தாலும் கரைந்து போய்விடுமாம். பைபாஸே வேண்டாமாம். அனுப்பியவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். ஒருவர் எனக்குக் கொழுந்தனார் முறை. மூவரும் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் குழுவில் பதில் போட்டு யாரையும் சங்கடப்படுத்தாமல் இங்கே பொதுவாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, வகுப்பறையிலேயே காலம் கழித்தவள். ஆனால் அந்த அனுபவத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு பிள்ளை ஒரே மாதிரிக் கணக்கைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டால், அவனுக்குக் கூட்டல் வராது என்று அர்த்தமில்லை. கணக்கையே வேறு விதமாகப் புரிந்துவைத்திருக்கிறான். விடையை அடித்துத் திருத்தினால் போதாது, புரிதலைத் திருத்த வேண்டும்.

இதய அடைப்பு விஷயத்தில் நம் ஜனங்களுக்கும் அதுதான் நடக்கிறது. நம் மனதில் இருக்கும் படமே தப்பு.

அந்தத் தப்பான படம்

சமையலறைத் தொட்டியின் கீழே இருக்கும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி ஒட்டி, ஒரு நாள் தண்ணீர் போகாமல் நின்றுவிடும். ரத்தக் குழாயிலும் கொழுப்பு இப்படித்தான் ஒட்டி அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடைப்பு என்ற சொல்லே அந்தப் படத்தைத்தான் காட்டுகிறது.

இந்தப் படத்தை நம்பினால் மூன்று முடிவுகள் தானாக வந்துவிடும். ஒன்று, எதையாவது குடித்தால் பிசுக்கு கரையும். இரண்டு, ஸ்டென்ட் வைத்தால் குழாய் திறந்துவிட்டது, நோய் போய்விட்டது. மூன்று, வலி இல்லை என்றால் குழாய் சுத்தமாக இருக்கிறது. மூன்றுமே தப்பு. மூன்றுமே ஆளைக் கொல்லக்கூடிய தப்பு.

உள்ளே உண்மையில் நடப்பது

ரத்தக் குழாய் உயிருள்ள ஒன்று. அதன் சுவரில் அடுக்குகள் உண்டு. கொழுப்பு அந்தச் சுவரின் மேல் ஒட்டுவதில்லை, சுவருக்குள்ளே புகுந்துவிடுகிறது. ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். என்ற நுண்ணிய உருண்டைகள், குழாயின் உள்தோலைத் தாண்டிச் சுவருக்குள் சிக்கிக்கொள்கின்றன. அங்கே அவை கெட்டுப்போகின்றன. உடனே நம் உடலின் காவல்காரர்களான வெள்ளை அணுக்கள் அவற்றை விழுங்க வருகின்றன. அளவுக்கு மீறி விழுங்கி, அங்கேயே உப்பிச் செத்துப்போகின்றன. உடம்பு அந்த இடத்தை மூட மேலே நார் போல ஒரு படலம் போடுகிறது. இதற்குத்தான் அதிரோஸ்கிளிரோசிஸ் என்று பெயர். தமிழில் தமனித் தடிப்பு என்கிறார்கள்.

எளிமையாகச் சொன்னால் அது ஒரு கொழுக்கட்டை. வெளியே மாவு, உள்ளே பூரணம். மாவு கெட்டியாக இருந்தால் கொழுக்கட்டை அப்படியே இருக்கும். மாவு மெல்லிசாகி, பூரணமும் அதிகமாகிவிட்டால் என்ன ஆகும் என்று பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடித்த எல்லோருக்கும் தெரியும். வெடித்துவிடும். ரத்தக் குழாய்க்குள் அப்படி வெடித்தால், உடம்பு அதைக் காயம் என்று நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கிறது. அந்த ரத்தக் கட்டி சில நிமிடங்களில் குழாயை மூடிவிடும். இதயத்தில் நடந்தால் மாரடைப்பு. மூளையில் நடந்தால் பக்கவாதம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தடிப்பு வளரும்போது குழாய் முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. அதனால் ரத்தம் போகும் பாதை நெடுநாள் குறுகாமலே இருக்கும். வலி இருக்காது. சும்மா படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி.யும் நார்மலாகவே வரலாம். போன மாதம்தான் இ.சி.ஜி. எடுத்தார், நல்லா இருக்குன்னாங்களே என்று துக்க வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பரிசோதனை காட்டுவது அவ்வளவுதான்.

இது எப்போது ஆரம்பிக்கிறது?

கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்து, 1953-ல் மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதம் பேருக்கு இதயக் குழாய்களில் ஏதோ ஒரு அளவில் இந்த நோயின் அடையாளம் இருந்தது. போருக்குப் போகிற அளவு உடல்வாகு உள்ள இளைஞர்கள்! அறுபது வயதில் வருகிற மாரடைப்புக்கு இருபதிலேயே அடித்தளம் விழுந்துவிடுகிறது. என் பிள்ளைகளில் பலருக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்திலும் இருந்தது. எகிப்து, பெரு உட்பட நான்கு இடங்களைச் சேர்ந்த 137 பதப்படுத்தப்பட்ட பழங்கால உடல்களை சி.டி. ஸ்கேன் செய்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு உடல்களில் இந்த நோய் தெரிந்தது. அதற்காக எல்லாம் விதி என்று விட்டுவிடவும் வேண்டாம். தென்னமெரிக்காவின் பொலிவியா காடுகளில் சிமானே என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். வேட்டை, மீன்பிடித்தல், விவசாயம் என்று நாள் முழுக்க உழைப்பவர்கள். 2017-ல் அவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது 85 சதவீதம் பேரின் இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு கொஞ்சமும் இல்லை. அதாவது நோயின் விதை மனித உடம்போடு பிறந்தது, ஆனால் அது எவ்வளவு வளர்கிறது என்பதில் நம் வாழ்க்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

காரணங்கள் என்னவென்று உலகம் முழுக்கத் தேடிவிட்டார்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வந்தது. புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவாகச் சாப்பிடுவது, உடலுழைப்பு இல்லாமை போன்ற ஒன்பது விஷயங்களுக்குள்ளேயே உலகின் முதல் மாரடைப்புகளில் 90 சதவீதம் அடங்கிவிடுகின்றன என்று அது சொன்னது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53. மற்றவர்களுக்குச் சுமார் 59. நமக்கு ஆறு வருடம் முந்திக்கொண்டு வருகிறது. பையன் காலேஜ் முடிக்கும் முன்பே, பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே வருகிறது என்று அர்த்தம்.

பூண்டு கரைக்குமா?

இப்போது அந்தச் செய்திக்கு வருவோம். கொழுக்கட்டைக்குள் இருக்கும் பூரணத்தை, மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியுமா? நாம் குடிக்கும் சாறு வயிற்றுக்குப் போய், செரித்து, நூறு மாற்றங்களுக்கு உள்ளாகிறது. அது குழாய்க்குள் ஓடிப்போய் அழுக்கைத் தேய்ப்பதில்லை. அங்கே தேய்ப்பதற்கு அழுக்கும் இல்லை. பூண்டு நல்ல பொருள்தான். குழம்பில் தாராளமாகப் போடுங்கள். ஆனால் மருந்துக்குப் பதில் அது என்று சொன்னால், அங்கேதான் நான் குறுக்கே நிற்பேன்.

என்னிடம் படித்த ஒருவன் லாரி ஓட்டுகிறான். "பேரைப் போடாம எழுதுங்க டீச்சர், நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்று அவனே சொன்னதால் எழுதுகிறேன். 44 வயதில் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்து மாதம் மாத்திரை ஒழுங்காகப் போட்டான். பிறகு ஒரு வீடியோ பார்த்துவிட்டு மாத்திரைகளை மொத்தமாக நிறுத்தி, சாறு குடிக்க ஆரம்பித்தான். இரண்டு மாதத்தில் மறுபடி மாரடைப்பு. உயிர் பிழைத்தான். ஆனால் இதயத்தின் பம்ப் பலவீனமாகிவிட்டது, இனி லாரியில் ஏற முடியாது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டலாம் என்பது எந்த இதய மருத்துவரைக் கேட்டாலும் சொல்லும் செய்தி. அந்த வீடியோ போட்டவருக்கு இவன் யாரென்று தெரியாது. அவருக்கு ஒரு பார்வை எண்ணிக்கை கூடியது, அவ்வளவுதான்.

ஸ்டென்ட் என்ன செய்யும், என்ன செய்யாது

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது, மூடிய குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது உயிர் காக்கும் வைத்தியம். அதில் ஒரு நிமிடம்கூடத் தயங்காதீர்கள். ஆனால் அது ஒரு இடத்துக்கு முட்டுக் கொடுக்கிறது. தடிப்பு நோயோ இதயம், கழுத்து, கால் என்று குழாய்கள் முழுவதும் பரவிக் கிடப்பது. ஒரு கொழுக்கட்டை வெடித்ததைச் சரிசெய்தால் இட்லிப் பானையில் மற்றவை அப்படியேதான் இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்வது மாத்திரையும் பழக்கவழக்கமும்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு இல்லை, நடந்தால் மட்டும் கொஞ்சம் நெஞ்சு இறுக்கம், நிலையாக இருக்கிறது என்பவர்களை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2007-ல் வந்த கரேஜ் ஆய்வில் 2,287 பேர். 2020-ல் வந்த இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர். இரண்டிலுமே, நல்ல மருந்து சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், கூடவே ஸ்டென்ட் போன்ற சிகிச்சையும் செய்துகொண்டவர்களுக்கு மொத்தத்தில் சாவு குறையவில்லை. நெஞ்சு வலி குறைந்தது, அதுவும் ஒரு லாபம்தான். இடது பக்க முதன்மைக் குழாயில் அடைப்பு, இதய பலவீனம் உள்ளவர்களின் கதை வேறு. ஆகவே, அவசரம் இல்லாத நிலையில் யாராவது இன்றைக்கே பணம் கட்டுங்கள் என்று பயமுறுத்தினால், இன்னொரு இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நகையை அடகு வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

மாத்திரை பயம்

கொழுப்பு மாத்திரையான ஸ்டேட்டின் மீது நம் ஆட்களுக்கு ஏனோ பெரிய பயம். எல்லாம் கெமிக்கல் என்கிறார்கள். இதன் கதையைக் கேளுங்கள். அகிரா எண்டோ என்று ஒரு ஜப்பான்காரர், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1973-ல் பெனிசிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து முதல் ஸ்டேட்டினைக் கண்டெடுத்தார். இயற்கையில் இருந்து வந்த மருந்து வேண்டுமென்றால் இதோ இருக்கிறது! நம் கல்லீரல் கொலஸ்டிராலைத் தயாரிப்பதை இது குறைக்கிறது. தனக்குப் பற்றாக்குறை வந்ததும், கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. கல்லீரல் அதை எப்படி இழுக்கிறது என்று கண்டுபிடித்த கோல்ட்ஸ்டீன், பிரவுன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பலன் உண்டா? ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரை ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டேட்டின், பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. 1994-ல் முடிவு வந்தது. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர். நூற்றுக்குப் பன்னிரண்டு எங்கே, எட்டு எங்கே! அந்த நாலு பேரில் ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால்?

பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிலருக்குத் தசைவலி வரும். சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மாத்திரையையோ மாற்றுவார். ஆனால் ஒரு சுவையான ஆய்வு 2020-ல் வந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் மருந்து, சில மாதம் மாவு மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. மருந்து சாப்பிட்டபோது வந்த தொந்தரவுகளில் 90 சதவீதம் மாவு மாத்திரை சாப்பிட்டபோதும் வந்தது! பயமும் உடம்பை வலிக்க வைக்கும்.

கொழுப்பு நார்மலுக்கு வந்துவிட்டது, நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடை பிடித்ததால்தான் நனையவில்லை. நனையவில்லையே என்று மழையில் குடையை மடக்குவீர்களா?

லேப் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 100-க்குக் கீழே இருந்தால் நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். அது பொதுக் கணக்கு. ஏற்கெனவே மாரடைப்போ ஸ்டென்டோ உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே, பலருக்கு 55-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். எனக்கு எவ்வளவு இருக்க வேண்டும் டாக்டர் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது

முப்பது தாண்டியவர்கள் பி.பி., சுகர், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பீடி, சிகரெட்டை விடுங்கள். குறைப்பதை விடுதலை என்று நினைக்காதீர்கள். இதை வாசிக்கும் மருமகள்கள், அக்காக்கள் கவனத்துக்கு: பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள். பாமாயிலில் பாதி, தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு எல்.டி.எல்.லை ஏற்றும் வகைக் கொழுப்பு, அளவாக ஊற்றுங்கள். சோற்று மலையைக் குறைத்துக் கீரையும் பருப்பும் சுண்டலும் கூட்டுங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாட்டின் உப்பு பி.பி.யை ஏற்றும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். கடைக்கு வண்டியில் போய்விட்டு வாக்கிங் போக நேரமில்லை என்று சொல்லாதீர்கள்.

நெஞ்சு நடுவில் அழுத்தம், கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது எது வந்தாலும் வாயு என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். முக்கியமாக வீட்டுப் பெண்கள் சொல்லும்போது! வேலை செஞ்ச அசதி என்று அவர்களே தள்ளிவிடுவார்கள். நீங்கள் தள்ளாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் வைக்காமல் சாப்பிடுங்கள்.

கடைசியாக, வீட்டுப்பாடம். இன்று இரவு உங்கள் வீட்டில் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள். எத்தனை இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். கணக்கு இடித்தால் திட்டாதீர்கள். ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். பணமா, பயமா, யாராவது அனுப்பிய செய்தியா என்று தெரிந்துகொண்டு, மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

செய்து முடித்தவர்கள் கீழே எழுதுங்கள். நான் வருகைப் பதிவேடு எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்